நாலாம் குட்டியும் ஏழாம் குட்டியும்

ஓகஸ்ட் 3, ஞாயிறு

வெக்கை. காலையிலேயே 29. பேஸ்மென்ற் மட்டும் குளிர்ச்சி.

7.10க்கு இன்குபேற்றரைத் திறந்தேன். மூன்றாவது முட்டையில் ஒரு கீறல். பிளேட்டால் இழுத்த மாதிரி, ஒன்றரை செ.மீ. ஓரமெல்லாம் ஈரம். முட்டை பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கீறலுக்குள் ஒரு மூக்கு. அரிசிமணி அளவு. மூச்சு விடுகிறது.

இன்றோடு அறுபத்தொரு நாள். செல்வி இட்டது பதினொரு முட்டை. இரண்டு பூஞ்சணம் பிடித்துப் போயின. மிச்சம் ஒன்பது.

முதல் ஃபோன் அடித்தது ஜெயாவுக்கு. ரவி மேலே நித்திரை. கலியாணம் முடித்து இருபது வருடம், புருசனை எழுப்பாமல் சிநேகிதிக்கு அடிக்கிறேன். ஆனால் பாம்பு விசயம் ஜெயாவுக்குத்தான் விளங்கும். ரவிக்குப் பயம். பேஸ்மென்ற் படியில் நின்று எட்டிப் பார்ப்பார், கீழே இறங்க மாட்டார்.

"கௌரி, கை வைக்காதை. முட்டையை வெட்டவும் வேண்டாம். தானா வரும்," என்றாள் ஜெயா. குரலில் நித்திரையே இல்லை. அவளும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

செல்வி அவள் தந்த பாம்பு. ஐந்து வருடத்துக்கு முன், முதுகு ஒப்பரேசன் முடிந்து நான் நாலு மாதம் வீட்டோடு கிடந்தபோது. புதன்கிழமை தவறாமல் ஸ்ரௌவ்வில்லில் இருக்கிற தன் வீட்டில் இருந்து பனிக்குள்ளே வருவாள். ஒருநாள் ஒரு தலையணை உறை கொண்டு வந்தாள். உள்ளே செல்வி, செம்மஞ்சள், பென்சில் தடிப்பு. "கையில வைச்சிரு. ஓடாது, கடிக்காது. மனம் அமரும்." கோர்ன் பாம்பு என்ற பேரே அன்றுதான் கேள்விப்பட்டேன். மனம் அமர்ந்தது உண்மை.

இந்த வருடம் ஏப்ரலில் தன் ஆண் பாம்பு சூரியையும் மூன்று கிழமை விட்டுவைத்தாள். பேச்சு: குட்டிகள் பாதிக்குப் பாதி, ஒன்று கூடினால் எனக்கு.

பின்னேரம் 5 வரை நாலு முட்டையில் கீறல். நாளை லீவு. நல்லதாய்ப் போயிற்று.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

ஒன்பதும் வெளியே. ஒன்பதும் உயிர்!!

ஒவ்வொன்றுக்கும் ஒரு டப்பா, மூடியில் துளை, ஈரத் துணி, இலக்கம். எல்லாவற்றையும் படம் எடுத்தாயிற்று, முதுகும் வயிறும்.

1 – பெரிசு. 27 செ.மீ. தொட்டால் வாலை நடுக்கும்.
2 – அதைவிடக் கோபம். என் விரலைக் கடித்தது. ஊசி குத்தின அளவும் இல்லை.
3 – சாது.
4 – எல்லாவற்றிலும் மெலிசு. கழுத்துக்குப் பின்னால் இரண்டு திட்டு ஒட்டிப்பிடித்து, சாவித்துளை மாதிரி.
5, 6, 8 – இன்னும் பிரித்தறியப் பழகவில்லை.
7 – முட்டைக்குள்ளேயே இரண்டு நாள் தலையை நீட்டிக்கொண்டு இருந்தது. வர விருப்பமில்லை.
9 – 3 போலவே. அச்சு அசல். 9இன் வால் நுனி கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலையில் ஜெ. என் ஃபோனைப் பிடுங்கிப் படங்களைப் பார்த்தாள். எங்கள் மூக்குக்கண்ணாடி லென்ஸ் லாப்பில் நானும் அவளும் ஒரே மேசை, ஒன்பது வருடம். சூப்பர்வைசர் போனதும் மேசைக்கு அடியில் கையைத் தட்டினாள். "ஒன்பது! செல்வி கெட்டிக்காரி."

ரவி முதல் தடவையாகக் கடைசிப் படி வரை இறங்கினார். "நூடில்ஸ் மாதிரி இருக்கு," என்றார். திரும்பி ஏறிவிட்டார்.

வாங்க: பேப்பர் டவல், நெத்தலி, ரவியின் மாத்திரை.

ஓகஸ்ட் 16, சனி

எல்லாம் சட்டை உரித்துவிட்டன. சட்டைகள் ரிசூ பேப்பரைவிட மெல்லியவை. எறிய மனமில்லை, கடித உறைக்குள்.

இன்று முதல் சாப்பாடு. ஃப்ரீசரில் இருந்து எலிக்குஞ்சு, கண் திறக்காதவை, சுடுநீரில் வைத்து இளக்கி, டப்பாவுக்கு ஒன்று. உடனே தின்றவை 1, 2, 3, 5, 6, 8. அரை மணிக்குப் பிறகு 9.

4, 7 தொடவே இல்லை. 7 சுருண்டு தலையை ஒளித்துக்கொண்டது.

ஜெ. எழுதினாள்: "முதல் முறை தானே. அஞ்சு நாள் விட்டுப் பார்."

ஓகஸ்ட் 30, சனி

மூன்று தடவை வைத்தாயிற்று. 4, 7 இன்னும் இல்லை. சூடாக வைத்தேன், குளிராக வைத்தேன். குஞ்சைக் கழுவி வைத்தேன். ரூனா மீன் ரின் தண்ணீரில் தோய்த்தேன். டப்பாவை இருட்டுத் துணியால் மூடினேன். 4இன் முதுகெலும்பு தெரியத் தொடங்கிவிட்டது. கையில் எடுத்தால் பாரமே தெரியாது.

நேற்று மத்தியானச் சாப்பாட்டின்போது ஜெ. கேட்டாள்.

"ரெண்டையும் என்னட்டைத் தாவன். இப்பிடி எத்தினை குட்டியைச் சாப்பிடப் பழக்கினனான். பழக்கிப்போட்டுத் திருப்பித் தாறன்."

"நோகப்பண்ணுவியோ? வாயைத் திறந்து தள்ளுறது எண்டால் வேண்டாம்."

"உனக்கு என்னில நம்பிக்கை இல்லையோ?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? எனக்கு இன்று ஓவர்ரைம். ரவிக்கு ஸ்ரௌவ்வில்லில் புது வீடொன்றில் தரை போடுகிற வேலை, ஜெ. வீட்டில் இருந்து இரண்டு தெரு. அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். டப்பா இரண்டையும் துவாயில் சுற்றி, அதை வெறும் ஐஸ் பெட்டிக்குள் வைத்து, வானின் முன் சீற்றில். பெல்ற்றும் போட்டுவிட்டேன். "ஏசியைக் கூட்டாதேங்கோ, குளிர் ஆகாது." "ஓமப்பா, ஓம்."

பின்னேரம் வந்து ஐஸ் பெட்டியைக் கராஜில் வைத்துவிட்டு நேரே குளிக்கப் போய்விட்டார். "குடுத்தாச்சோ?" "ஓம்."

வீட்டில் ஏழு டப்பா. இரண்டு இடம் காலி.

செப்ரெம்பர் 7, ஞாயிறு

மழை. தக்காளி எல்லாம் வெடித்துவிட்டது.

11.20க்கு ஜெயாவின் மெசேஜ்: "4 சாப்பிட்டுது!!! ஒரு முழுக் குஞ்சு." கூடவே ஒரு படம், பேப்பர் டவலில் சுருண்ட குட்டி, நடு உடம்பில் வீக்கம்.

அழுதுவிட்டேன். குசினியில் நின்றபடியே. மடைத்தனம். ஓடிப்போய் ரவியிடம் காட்டினேன்.

படத்தைக் கனநேரம் பார்த்தார். "நல்லது," என்றார். பிறகு ரீவியைப் போட்டார்.

மனுசனுக்குப் பாம்பு ஒத்துவராது, என்ன செய்வது.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

7உம் சாப்பிட்டதாம். படம் இல்லை, கை ஈரமாம். 4 இரண்டாம் தரம்.

இங்கே ஏழும் நலம். 1க்கு இனி இரண்டு குஞ்சு. 2 இன்னும் கடிக்கிறது.

ஜெயாவுக்கு நாளைக்கு மீன் கட்லற் செய்து கொண்டுபோக வேண்டும். அவளுக்குப் பிடிக்கும்.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

இன்றைய படத்தில் 4 கையில். முதுகு வடிவாகத் தெரிகிறது. கொழுத்திருக்கிறது. சந்தோசம்.

பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்துக்குப் பின்னால் திட்டுகள் தனித்தனி. சாவித்துளை இல்லை.

பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. மூன்றாவது திட்டும் நாலாவது திட்டும் இடப்பக்கம் ஒட்டி. சட்டை உரித்தால் நிறம் தெளியும், திட்டு இடம் மாறாது. செல்வியின் ஐந்து வருடப் படங்களைப் பார்த்தேன். ஒரு திட்டும் மாறவில்லை.

7 என்று மாறி அனுப்பியிருப்பாளோ? 7இன் படத்தையும் பார்த்தேன். அதுவும் இல்லை.

நாள் முழுக்க லென்ஸில் கீறல் தேடுகிற கண் என்னுடையது. பிழைவிடாது. என்றாலும் ஜெ. பிழையான படம் அனுப்புவாள் என்பதைவிட என் கண் பிழைவிட்டது என்று நம்புவது சுகமாக இருக்கிறது.

எழுதினேன்: "ஒரு வீடியோ எடுத்து அனுப்பன், ரெண்டையும் சேர்த்து."

பதில்: "நாளைக்குப் பாப்பம். இப்ப விருந்தாக்கள்."

செப்ரெம்பர் 23, செவ்வாய்

வீடியோ வரவில்லை. வேலையில் கேட்டேன். "எடி, மறந்துபோனன்," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. லென்ஸைப் பார்த்தபடி சொன்னாள்.

பின்னேரம் புட்டு, மீன் குழம்பு. ரவிக்குப் போட்டுக்கொண்டே சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"நீங்கள்தானே குட்டியளைக் கொண்டுபோய்க் குடுத்தனீங்கள். ஜெயா எந்தப் பெட்டிக்குள்ள விட்டவள்?"

கை நின்றுவிட்டது. புட்டு விரலிலேயே.

"ஏன் கேக்கிறீர்?"

"சும்மாதான்."

பிறகு கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்:

"அவ பெட்டிக்குள்ள விடேல்லையப்பா."

"அப்ப?"

"ராசாவின்ர தொட்டிக்குள்ள விட்டவ. நான் நிக்கேக்கையே."

ராசா ஜெயாவின் கிங் பாம்பு, விசமில்லாதது. கறுப்பு, வெள்ளை வளையம், நாலு அடி. கிங் பாம்பு மற்றப் பாம்பைத் தின்னும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ராசா எலிதான் தின்பான் என்று ஜெ. எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள்.

"ரெண்டையுமோ?"

"முதல் ஒண்டு. மற்றதை நான் பாக்கேல்லை. வெளியால வந்து வானுக்குள்ள இருந்திட்டன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"தான் பக்குவமாச் சொல்லுறன் எண்டவ. நானும் அது நல்லது எண்டு விட்டிட்டன். பிறகு பாத்தா அந்தப் படம் வந்துது. நீர் துள்ளிக்கொண்டு வந்து காட்டினீர். அந்த நேரம் எப்பிடிச் சொல்லுறது, சொல்லும் பாப்பம்?"

"அடுத்த ஞாயிறு சொல்லியிருக்கலாம்."

"நீர் சந்தோசமா இருந்தனீர் கௌரி."

மூன்று ஞாயிறு. மூன்று தரமும் இவரிடம்தான் ஓடினேன். மூன்று தரமும் "நல்லது" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். சொல்லாமலே விட்டிருக்கலாம். அன்று ஜெ. சொன்னாளாம், ராசா வசந்தத்தில் இருந்தே எலி தொடுவதில்லை, தன் பங்குக் குட்டிகளும் அவனுக்குத்தான் என்று. அதனால்தான் சூரியைத் தந்ததாம்.

அப்படியென்றால் ஏப்ரலிலேயே. முட்டை வருவதற்கு முன்பே. நான் முட்டைக்கு அடியில் போட்ட வெர்மிகுலைற்றின் ஈரம் காட்டித் தினமும் அவளிடம் கேட்டபோதெல்லாம்.

புட்டு முழுக்கக் குப்பையில். ரவி கோப்பையைக் கழுவி வைத்தார்.

செப்ரெம்பர் 24, புதன்

வேலைக்குப் போனேன். போகாமல் விட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஏன் நான் ஒளிக்கிறேன்?

மத்தியானம் பாணும் சம்பலும் கொண்டுவந்திருந்தாள். என் பக்கமும் தள்ளினாள். தின்றேன்.

"ஏழு எப்பிடி?" என்று கேட்டேன். கேட்க வேண்டும் போல் இருந்தது.

"நல்லாக் கொழுத்திட்டுது. நீ கண்டால் மட்டுக்கட்ட மாட்டாய்."

எவ்வளவு லேசாக வருகிறது. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. ஒன்பது வருடமாக இந்தக் குரலை நான் நம்பியிருக்கிறேன். அவள் மாமியின் கதை, மகனின் கதை, டொக்ரர் சொன்ன கதை. இனி எதை நம்புவது, எதைக் கழிப்பது?

இன்று ஒன்பது லென்ஸ் எனக்குத் திரும்பி வந்தன. கீறல் விட்டிருக்கிறேன்.

செப்ரெம்பர் 26, வெள்ளி

குளிர் தொடங்குகிறது. ஹீற்றர் ஆள் வரவில்லை.

ஜெ.: "ஞாயிறு வாறன். என்ர நாலு குட்டியையும் எடுத்து வை."

தலையாட்டினேன்.

ரவியோடு கதை இல்லை. தேத்தண்ணீர் ஊற்றி வைக்கிறார். குடிக்கிறேன். அவ்வளவுதான்.

செப்ரெம்பர் 28, ஞாயிறு

2 மணிக்கு வந்தாள். கையில் நாலு பெட்டி, மூடியில் துளை போட்டு. நான் கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றேன்.

"என்னடி, விலகன்."

"நாலையும் ஏழையும் கொண்டு வந்தனியோ?"

"அதுகள் இன்னும் கொஞ்சம் நோஞ்சான். அடுத்த மாசம்..."

"ஜெயா. ரவி சொல்லிப்போட்டார்."

பெட்டிகளைக் கீழே வைத்தாள். வாசல்படியில் இருந்துகொண்டாள். மறுக்கவில்லை. மறுப்பாள் என்று நினைத்து நான் ஆயத்தப்படுத்திய வசனமெல்லாம் வீண்.

"சாப்பிடாத குட்டி எப்பிடியும் சாகும் கௌரி. இன்னும் ரெண்டு கிழமைதான் இருந்திருக்கும். ராசாவும் பட்டினி கிடந்தவன்."

"அது என்ர குட்டி."

"எலிக்குஞ்சுக்கு நீ அழுதனியோ? உன்ர ஃப்ரீசருக்குள்ள எத்தினை கிடக்கு? கண்ணும் திறக்கேல்லை அதுகளுக்கு."

அவள் சொன்னது சரி.

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்," என்றேன்.

"கேட்டால் தந்திருப்பியோ?"

"இல்லை."

"அதுதான்."

"தின்னக் குடுத்ததை விடு. அது சாப்பிட்டுது எண்டு மூண்டு ஞாயிறு எழுதினாய். அந்தப் படத்தில ஆரின்ர குட்டி?"

"போன வருசத்துக் குட்டியள். என்ரதுகள்." காலைப் பார்த்தபடி சொன்னாள். "நீ நாளும் பொழுதும் கேட்டுக்கொண்டிருந்தாய். முதல் நாள் சும்மா ஒண்டு சொன்னன். பிறகு நிப்பாட்ட ஏலாமப் போச்சு."

"சூரியைத் தரேக்கையே ராசாவை நினைச்சுத்தான் தந்தனியோ?"

மூடித் துளையொன்றில் விரலை விட்டுத் திருகினாள். எதிர் வீட்டுக்காரர் புல் வெட்டும் சத்தம்.

"உன்ர ஒப்பரேசன் நேரம் ஆர் வந்தது?" என்று கேட்டாள். இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "புதனுக்குப் புதன். ஆர் வந்தது?"

"நீதான்."

"அப்ப?"

"அதாலதான் நோகுது ஜெயா."

விளங்கியதோ தெரியாது. வெறும் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். காரை எடுக்க முன் கண்ணாடியில் முகம் துடைத்தாள். பாதி தருவேன் என்று நான் சொன்னதும் ஒரு வாக்கு. நானும் முறித்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

கதவைச் சாத்தித் திரும்பினால் ரவி. எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "நல்லாச் சொன்னீர்," என்றார்.

"நீங்கள் கதையாதேங்கோ."

செப்ரெம்பர் 30, செவ்வாய்

சூப்பர்வைசரிடம் மேசை மாற்றிக் கேட்டேன். "என்ன, சண்டையோ?" என்று சிரித்தார். கண்ணுக்கு வெளிச்சம் போதாது என்றேன். பொய்தான்.

புது மேசை ஜன்னல் பக்கம். பக்கத்தில் ஒரு பிலிப்பினோப் பெண், வாய் திறப்பதில்லை. நல்லது.

ஒக்ரோபர் 4, சனி

குட்டிகளை வைத்திருக்கப் போவதில்லை. ஏழு டப்பாவையும் பார்த்தால் ஒன்பது என்றுதான் மனம் எண்ணுகிறது. நல்ல இடம் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

இன்று அஜின்கோர்ட்டில் இருந்து ஒருவர் வந்தார். அருளானந்தம் அங்கிள். எழுபது இருக்கும், முந்தி பஸ் ஓட்டியவர். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். இருக்கிற அப்பார்ட்மென்றில் நாய் பூனை கூடாதாம். "இது குரைக்காது, மயிர் கொட்டாது, ஆரும் முறைப்பாடு வைக்க ஏலாது பிள்ளை."

ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினேன். 2 அவரையும் கடித்தது. சிரித்தார். 9 தலையை உயர்த்தி நாக்கை நீட்டி அவரைப் பார்த்தது. அவரும் குனிந்து அதைப் பார்த்தார். அப்படியே கொஞ்ச நேரம்.

"இவர்தான்," என்றார்.

தொட்டி, சூட்டுப் பாய் எல்லாம் வாங்கி ஆயத்தப்படுத்த மூன்று கிழமை வேண்டுமாம். 25ஆம் திகதி வருவார். அதற்குள் கிழமைக்கு ஒரு படம் அனுப்பச் சொன்னார்.

9இன் மூடியை அழுத்தி மூடினேன். "சரி அங்கிள்," என்றேன்.

ஒக்ரோபர் 7, செவ்வாய்

9, ஞாயிறு தின்றதைக் கக்கிவிட்டது. பாதி செமித்தபடி. நாற்றம். சூடு சரி, தண்ணீர் சரி. ஏனென்று தெரியவில்லை. பத்து நாள் ஒன்றும் கொடுக்கக்கூடாது.

முந்தியென்றால் ஜெயாவிடம் கேட்டிருப்பேன். கை ஃபோனுக்குப் போய்த் திரும்பிவிட்டது.

அங்கிளுக்கு எழுதினேன்: கக்கிவிட்டது, பார்த்துக்கொண்டிருக்கிறேன். "பாவம், வயிறு சரியில்லைப் போல," என்று பதில்.

ஒக்ரோபர் 17, வெள்ளி

நேற்று 9க்கு அரைக் குஞ்சு. இன்று காலை அதையும் கக்கிக் கிடந்தது. கையில் எடுத்தால் சுற்றிக்கொள்ளவில்லை.

பாம்புக்குப் பார்க்கிற டொக்ரரிடம் திங்கள்தான் நேரம் கிடைத்தது.

ஹீற்றர் ஆள் வந்தார். பேஸ்மென்ற்றை எட்டிப் பார்த்துவிட்டு மேலேயே நின்றார்.

ஒக்ரோபர் 19, ஞாயிறு

இலை முழுக்க முற்றத்தில். வெயில் இருக்கிறது, சூடு இல்லை.

9 செத்துவிட்டது. காலை 8க்குப் பார்த்தேன். வயிறு மேலே, வாய் கொஞ்சம் திறந்து. தண்ணீரில் கழுவினேன், ஏனென்று தெரியாமல்.

அங்கிளுக்கு ஞாயிற்றுப் படம் அனுப்ப வேண்டும். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு 3இன் டப்பாவுக்கு முன்னால் நின்றேன். சாதுவாக இருந்தது. நல்ல கொழுப்பு. வால் நுனியைத் தவிர எல்லாம் ஒன்று. ஒரு படம். பிறகு 25ஆம் திகதி டப்பாவைக் கையில் கொடுத்தால் சரி. அந்த மனுசனும் சந்தோசமாகப் பஸ் ஏறுவார். யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

இவ்வளவு லேசு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மேலே வந்து ரவியிடம் 9 செத்துவிட்டது என்றேன். இந்தக் கிழமை அவரோடு கதைத்த முதல் கதை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், நல்ல மனதோடுதான் சொன்னார்: "மூண்டைக் குடுத்திடுமன். அந்தாளுக்கு எங்க தெரியப்போகுது. ஏன் மனசை நோகடிக்க வேணும்?"

அவரைப் பார்த்தேன். இவர் மாறப்போவதில்லை. இவரோடுதான் இருக்கப்போகிறேன். இரண்டும் ஒன்றாக விளங்கியது.

குசினி மேசையில் இருந்து எழுதினேன்: "அங்கிள், 9 இன்று காலை செத்துவிட்டது. இரண்டாம் தரமும் கக்கியது. என்னால் காப்பாற்ற முடியவில்லை. 3 இருக்கிறது. அதே மாதிரி இருக்கும். ஆனால் நீங்கள் பார்த்த குட்டி இல்லை."

அனுப்பிவிட்டேன். உடனே ஃபோன் அடித்தார்.

"பிள்ளை, கடைசியாத் தண்ணி குடிச்சதோ?"

"நேற்றுப் பின்னேரம் கொஞ்சம் குடிச்சது அங்கிள்."

"ம். என்ன செய்யப்போறீர் அதை?"

"பின்வளவில புதைக்கலாம் எண்டு. மண் இன்னும் இறுகேல்லை."

"அப்ப நில்லும். நானும் வாறன். ஒரு மணித்தியாலம் செல்லும், ஞாயிறு பஸ் குறைவு."

"அவ்வளவு தூரம் வேண்டாம் அங்கிள்."

"என்ர குட்டியெல்லோ பிள்ளை."

9ஐ, கராஜில் ஐஸ் பெட்டிக்குள்ளேயே கிடந்த 4இன் பழைய டப்பாவில் வைத்திருக்கிறேன். தேத்தண்ணீர் வைக்க வேண்டும், அங்கிளுக்குச் சீனி கூடாது என்று ஞாபகம். ரவி கராஜில் இருந்து மண்வெட்டியை எடுத்துவந்து பின்கதவோடு சாத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேத்திலில் தண்ணீர் நிரப்பினேன்.